இணையப் பக்கத்தை எதில் போட்டு வைப்பது? வன்னியிலிருந்து ஓர் ஒப்பீடு

மல்லாவிப் பக்கம் படிப்பிக்கும் ஒரு ரீச்சர் தன் ஃபோனை என்னிடம் நீட்டினார். வட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பி வைத்த இணைப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. பெருவிரலால் தள்ளத் தள்ள முடிகிறபாடில்லை. "எல்லாம் தேவையெண்டுதான் போட்டு வைச்சனான். இப்ப தேடினா ஒண்டும் அம்பிடுதில்லை. அம்பிட்டாலும் பக்கம் திறக்குதில்லை" என்றார்.

அந்தக் கிழமையே முருங்கனில் வயல் செய்யும் தம்பி ஒருவர் வந்தார். பூச்சி, பசளை பற்றிய பக்கங்களை வரம்பில் நின்றபடி பார்க்கிற மாதிரி வைத்திருக்க வேண்டும் என்றார். அவரிடம் இருப்பது ஃபோன் மட்டும். மூன்றாவது ஆள், அறிவியல் நகரில் விவசாய பீடத்தில் படிக்கும் ஒரு தங்கச்சி. பக்கத்தைச் சேமிக்கவென்று நான்கு நீட்சிகளை (உலாவிக்குள் ஏற்றிக்கொள்ளும் சின்னச் செயலிகள், எக்ஸ்டென்ஷன்) உலாவியில் ஏற்றிவிட்டு, எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்குவது என்று தெரியாமல் நிற்கிறார்.

மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிடலாம் என்றுதான் தொடங்கினேன். நான் பல வருடமாக வெறும் எழுத்துக் கோப்பின் பக்கம். விளம்பரம், மெனு, பக்கவாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் சீவியெறிந்துவிட்டு எழுத்தை மட்டும் வைத்திருப்பதே எனக்குப் பிடிக்கும். எழுதிப் பார்த்தபோதுதான், என் பதில் மூன்று பேரில் ஒருவருக்குப் பொருந்தவே இல்லை என்று தெரிந்தது.

## எதை வைத்து அளப்பது

முதலாவது, இணையம் இல்லாத நேரத்தில் திறக்குமா? 2022 பங்குனிக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். ரவுட்டர் நின்றது பெரிய விசயமில்லை. நேரம் போகப் போக சிக்னலும் மெலிந்துபோகும். அப்படியொரு காலம் இல்லாவிட்டாலும், ரீலோட் முடிந்த மாதக் கடைசி எல்லோருக்கும் உண்டு.

இரண்டாவது, தமிழ் ஒழுங்காக வருமா, பிறகு தமிழில் தேடி எடுக்க முடியுமா? ஆங்கிலத்தில் எழுதப்படும் ஒப்பீடுகள் இதைத் தொடுவதே இல்லை. நமக்கு இதுதான் பாதிப் பிரச்சினை.

மூன்றாவது, ஃபோனில் நடக்குமா? ஆண்ட்ராய்டு ஃபோனில் வருகிற குரோமில் நீட்சி ஏற்ற முடியாது. ஃபயர்பொக்ஸில் முடியும், 2023 டிசம்பரிலிருந்து அங்கே நூற்றுக்கணக்கான நீட்சிகள் திறந்துவிடப்பட்டிருக்கின்றன.

நான்காவது, எங்கிருந்து, எந்தத் திகதியில் எடுத்தது என்ற விபரம் கூடவே வருகிறதா? மூன்று வருடம் கழித்து ஒரு பந்தி கையில் இருக்கும், யார் சொன்னது என்று தெரியாது. அப்படிப்பட்ட பந்தியால் பயனில்லை.

கடைசியானதை நான் பொலித்தீன் பைக் கேள்வி என்பேன். 2009க்கு முன் வன்னியில் குடும்பம் நடத்திய எவரிடமும் கேட்டுப் பாருங்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், சாதாரண தரப் பெறுபேறு எல்லாம் ஒரு பொலித்தீன் பைக்குள் கிடந்தது, எழும்பச் சொன்னால் தூக்கிக்கொண்டு போக. அந்தக் கடதாசிகளை வாசிக்க எந்தக் கொம்பனியின் கடவுச்சொல்லும் தேவைப்படவில்லை. சேமித்த பக்கத்தையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். பென்ட்ரைவில் போட்டு, முன்பின் தெரியாத ஒரு கணினியில் செருகினால், அங்கே எதையும் புதிதாக ஏற்றாமல் வாசிக்க முடியுமா?

கோப்பின் அளவை வேண்டுமென்றே கடைசிக்கும் கடைசியாக விட்டிருக்கிறேன். அது பற்றி வரும் இடத்தில் சொல்கிறேன்.

## வட்ஸ்அப்பில் தனக்கே அனுப்புவது

எல்லோரும் செய்வது இதைத்தான். இரண்டு தட்டில் வேலை முடிகிறது. அந்த வேகத்தை எந்த நீட்சியும் வெல்லாது. ஆனால் இணைப்பு என்பது வெறும் விலாசம். வீட்டுக்காரர் குடிபெயர்ந்துவிட்டால் விலாசத்தை வைத்து என்ன செய்வது? சில வருடத்துக்கு முன் போட்ட இணைப்புகளில் பத்தைத் திறந்து பாருங்கள். பக்கம் இல்லை என்று வருவதோடு, சில முகவரிகளில் இப்போது வேறு யாரோ சூதாட்ட விளம்பரம் போட்டிருப்பார்கள்.

மறைந்திருக்கும் செலவு டேட்டா. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதே பக்கத்துக்குப் புதிதாகக் காசு போகிறது. நாளைக்கு வாசித்துவிட்டு மறந்துபோகிற செய்திக்கு இது போதும். அதற்கு மேல் வேண்டாம்.

## பிறகு வாசிக்கச் சேர்த்து வைக்கும் சேவைகள்

இதைச் சுருக்கமாகவே முடிக்கலாம். 2007இல் தொடங்கி, 2017இல் மொஸில்லா வாங்கிய பொக்கெட் சேவை 2025 ஜூலை 8ஆம் திகதி மூடப்பட்டது. அதற்கு முதல் வருடம், பலர் பொக்கெட்டை விட்டு மாறிப்போன ஒம்னிவோர் என்ற சேவையும் 2024 நவம்பரில் மூடியது. பயனர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில கிழமைகள்தான். எவர்நோட் இன்னும் இருக்கிறது. ஆனால் 2023 டிசம்பரிலிருந்து இலவசக் கணக்குக்கு 50 குறிப்புகள் என்று எல்லை போட்டுவிட்டார்கள். டொலரில் மாதக் கட்டணம் கட்ட அட்டை வைத்திருப்பவர்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர்?

வாசிக்க நல்ல வசதிதான். பை சோதனையில் தேறாது.

## பி.டி.எஃப் ஆக்குவது

அச்சிடும் கட்டளையில் போய் பி.டி.எஃப் என்று தெரிவு செய்தால் எந்த நீட்சியும் இல்லாமல் பக்கம் கோப்பாகிவிடும். பார்க்க அழகாகவும் இருக்கும். கொமினிகேஷன் கடையில் கொடுத்து அச்செடுக்கவும் வசதி. சுற்றுநிருபம், விண்ணப்பப் படிவம், பரீட்சை அறிவித்தல் போன்றவற்றுக்கு இதுவே சரி, உருவம் மாறக்கூடாது என்பதால்.

சிக்கல் தமிழில் இருக்கிறது. பி.டி.எஃப் எழுத்தை அது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் வைத்துவிடக்கூடும். கொம்பு முன்னால் தெரிவதால், பிரதி எடுத்து ஒட்டும்போது கொம்பு தனியாக முன்னே வந்து நிற்கும். மெய்யும் கொம்பும் பிரிந்துபோகும். கண்ணுக்கு "கொக்கு" என்று தெரிகிற சொல்லைத் தேடலில் தட்டினால் இல்லை என்று வரும். எல்லாக் கோப்பிலும் இப்படி இல்லை. எதில் இப்படி, எதில் ஒழுங்கு என்பது தேடிப் பார்த்தால்தான் தெரியும் என்பதே தொல்லை. சேமித்தவுடன் ஒரு சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டு மூடுங்கள்.

## முழுப் பக்கமும் ஒரே கோப்பாக: சிங்கிள்ஃபைல்

சிங்கிள்ஃபைல் என்ற நீட்சி, பக்கத்தைப் படம், வடிவம், அட்டவணை உட்பட ஒரே எச்.டி.எம்.எல் கோப்பாகக் கட்டித் தருகிறது. இலவசம். ஃபயர்பொக்ஸ் வழியாக ஃபோனிலும் ஓடும். எந்த உலாவியிலும் திறக்கலாம் என்பதால் பை சோதனையில் தேறிவிடுகிறது. எடுத்த முகவரியையும் நேரத்தையும் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கிறது.

அளவுக்கு இங்கேதான் வேலை. படத்தைக் கோப்புக்குள் எழுத்தாக மாற்றி வைப்பதால், ஒவ்வொரு படமும் தன் அளவில் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஒரு செய்திப் பக்கம் ஒன்றிரண்டு மெகாபைட், படம் நிறைந்த பக்கம் அதைவிடப் பலமடங்கு. ஆயிரம் தமிழ்ச் சொற்களை வெறும் எழுத்தாக வைத்தால் சுமார் 25 கிலோபைட்தான். அப்படி ஆயிரம் கட்டுரை சேர்த்தாலும் 25 மெகாபைட். ஒரு கலியாண வீட்டு வீடியோத் துண்டு அதைவிடப் பெரிது. சேமிப்பு நிரம்பிய ஃபோன் வைத்திருப்பவருக்கு இது பெரிய வித்தியாசம்; மடிக்கணினிக்காரருக்கு ஒன்றுமில்லை.

இன்னொரு குறை, நூறு கோப்பில் ஒரு சொல்லை ஒரே நேரத்தில் தேடுவது கடினம். திறந்த பக்கத்துக்குள் தேடலாம், அவ்வளவுதான். விளம்பரமும் அப்படியே வரும். பழைய விளம்பரங்களைப் பார்த்துச் சிரிக்க விரும்புபவர்களுக்கு அதுவும் ஒரு சந்தோசம்.

## வெறும் எழுத்தாக்கும் நீட்சி

இனி என் பக்கத்து ஆள். மார்க்டவுன்லோட் போன்ற நீட்சிகள், பக்கத்தில் உள்ள கட்டுரையை மட்டும் பிரித்தெடுத்து மார்க்டவுன் கோப்பாகத் தருகின்றன. மார்க்டவுன் என்பது 2004இல் ஜோன் குரூபர் வெளியிட்ட எழுத்து முறை. தலைப்புக்கு முன் # குறி, தடித்த எழுத்துக்கு இரு பக்கமும் உடுக்குறி என்று சில அடையாளங்கள், மிச்சமெல்லாம் வெறும் எழுத்து. நோட்பாடிலேயே திறக்கும்.

கட்டுரை எது, குப்பை எது என்று நீட்சி எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எங்கே சறுக்கும் என்பதும் தெரிந்துவிடும். மார்க்டவுன்லோட் பயன்படுத்துவது, ஃபயர்பொக்ஸில் கட்டுரையை மட்டும் சுத்தமாகக் காட்டும் வாசிப்புப் பார்வைக்குப் பின்னால் இருக்கும் அதே ரீடபிலிட்டி நிரலைத்தான். அது ஒவ்வொரு பந்திக்கும் புள்ளி போடுகிறது. பந்தி நீளமா, காற்புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்த்துக் கூட்டும்; இணைப்புகளே நிறைந்த பெட்டி என்றால் குறைக்கும். கூடுதல் புள்ளி எடுத்த பகுதிதான் கட்டுரை. நீளமான பந்திகளால் ஆன பக்கத்தில் இது கச்சிதமாக வேலை செய்யும். ஒற்றை வரிகளாக உடைத்த கவிதை, பெயர்ப் பட்டியல், இணைப்புகளாலேயே ஆன பாடத்திட்டப் பக்கம் ஆகியவற்றில் பாதியைத் தின்றுவிடும். எழுதியவர் பெயரும் திகதியும் சில தளங்களில் காணாமல் போகும். அப்படியான இடத்தில் வேண்டிய பகுதியைச் சுட்டியால் தெரிவு செய்துவிட்டு, தெரிவு செய்ததை மட்டும் சேமிக்கச் சொல்லலாம். ஃபேஸ்புக் பதிவுகளுக்கு எந்த நாளும் இதுதான் வழி; தானாகப் பிரிக்கவிட்டால் பின்னூட்டமும் பதிவும் கலந்து வரும்.

அட்டவணையில் நான் ஒருமுறை நன்றாக மாட்டுப்பட்டேன். வட்டக்கச்சியில் இருக்கும் மாமாவுக்காக நெல்லுக்கான பசளை அட்டவணை ஒன்றைச் சேமித்து அச்செடுத்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "மூண்டு மாத நெல்லுக்கு நேரே மூண்டரை மாதத்தின்ர கணக்குக் கிடக்கு. இதை நம்பி எறிஞ்சா விளங்கும்" என்றார். மூலப் பக்கத்தில் இரண்டு பெட்டிகளை ஒன்றாக்கிப் போட்டிருந்தார்கள். மார்க்டவுன் அட்டவணையில் பெட்டிகளை ஒன்றாக்க வழியே கிடையாது. அதனால் ஒரு நிரல் முழுக்க ஒரு படி தள்ளிப் போயிருந்தது. பிஜி 300 நெல் மூன்று மாதம், பிஜி 352 நெல் மூன்றரை மாதம் என்று மனப்பாடமாகத் தெரிந்தவர் என்பதால் தப்பியது. எண்கள் உள்ள பக்கத்தை வெறும் எழுத்தாக்காதீர்கள். ஆக்கினால் மூலத்தோடு ஒருமுறை ஒப்பிடுங்கள்.

படங்களும் கூட வராது. அவற்றின் இணைப்பு மட்டுமே கோப்பில் நிற்கும். தளம் செத்தால் படமும் செத்துவிடும். படத்தைத் தனியாக இறக்கும் வசதி அமைப்புகளில் உண்டு, தேவைப்பட்டால் அதைப் போட்டுக்கொள்ளலாம்.

இத்தனை குறையையும் சொல்லிவிட்டு ஏன் இதை விரும்புகிறேன் என்றால், கோப்பின்மேல் நான் எழுதலாம். ஒரே பூச்சியை ஒரு தளம் கபிலத் தத்தி என்கிறது, நம் ஆட்கள் அறக்கொட்டி என்கிறார்கள், இன்னொரு பக்கம் ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்தில் போடுகிறது. முதல் வரியில் மூன்று பெயரையும் நானே எழுதி விடுகிறேன். பிறகு எந்தப் பெயரில் தேடினாலும் கோப்பு வருகிறது. பி.டி.எஃப்பிலும் சிங்கிள்ஃபைலிலும் இப்படிக் கை வைப்பது லேசில்லை.

### தமிழால் வரும் தொல்லைகள்

இவை எந்த நீட்சிக்கும் பொது. ஆனால் வெறும் எழுத்தில்தான் பளிச்சென்று தெரியும்.

பாமினிக் காலத்துப் பக்கங்கள் முதலாவது. ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முன் ஈழத் தளங்கள் பல அந்த எழுத்துருவில்தான் ஓடின. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். வெறும் எழுத்தாக இறக்கினால், புள்ளி வைக்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்கும் ஆங்கிலக் கிறுக்கல்தான் மிஞ்சும். பயப்பட வேண்டாம், இலவச எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன, ஒட்டினால் ஒருங்குறியாகிவிடும்.

அடுத்தது, 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் போன்ற இடங்களில் உள்ள ஸ்கேன் பிரதிகள். அங்கே இருப்பது பக்கத்தின் படம். பழைய இதழொன்றைத் திறந்துவிட்டு நீட்சியை அமத்தினால் எழுத்து ஒன்றும் வராது. அது நீட்சியின் குற்றமில்லை. வட்ஸ்அப் குழுக்களில் படமாகச் சுற்றும் அறிவித்தல்களும் அப்படித்தான்.

கோப்புப் பெயர் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, பட்டுத்தான் தெரிந்தது. கணினியில் தமிழ் எழுத்தை யூ.டி.எஃப்-8 முறையில் வைக்கும்போது ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் ஆகிறது. "கிளிநொச்சி" என்பது நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் 10 குறியீடு, ஆக 30 பைட். ஆண்ட்ராய்டிலும் லினக்ஸிலும் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்ட முடியாது. கிளிநொச்சி என்று எட்டுத் தடவை எழுதினால் கிட்டத்தட்ட முடிந்தது. விண்டோஸ் வேறு மாதிரி எண்ணுகிறது. அங்கே நீளமான தமிழ்த் தலைப்பும் சேமிக்கப்படும். பிறகு அந்தக் கோப்புறையை ஃபோனுக்கு மாற்றும்போது, நீளத் தலைப்புள்ள கோப்புகள் மட்டும் வராமல் நின்றுவிடும். செய்தித் தளங்கள் தலைப்பிலேயே முழுச் செய்தியையும் சொல்லிவிடுகிற இந்தக் காலத்தில் இது அடிக்கடி நடக்கும். திகதியும் இரண்டு மூன்று சொல்லும் போதும். "2025-10-12 அறக்கொட்டி" என்பது போல.

பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. விண்டோஸ் 10இன் 2019ஆம் ஆண்டுப் பதிப்புக்கு முந்திய நோட்பாட், சேமிக்கும்போது ஆன்சி என்ற பழைய முறையையே முதலில் நீட்டும். எச்சரிக்கையை வாசிக்காமல் சரி என்று அமத்தினால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறி. திருப்பி எடுக்க வழி இல்லை.

### நம்பிக்கைச் செலவு

நீட்சி ஏற்றும்போது, எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவை வாசிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கும். பக்கத்தை வாசிக்காமல் சேமிக்க முடியாது, ஆகவே கேட்பதில் தவறில்லை. ஆனால் நீட்சி கைமாறலாம். தி கிரேட் சஸ்பெண்டர் என்று பெரும் எண்ணிக்கையானோர் நம்பிய ஒரு நீட்சி 2020இல் வேறொருவர் கைக்குப் போனது. 2021 பெப்ரவரியில், அதில் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி கூகிள் அதை நீக்கியது. அத்தோடு, பழைய விதிமுறையில் எழுதிய நீட்சிகளை குரோம் 2024 முதல் படிப்படியாக முடக்கிவிட்டது. ஏற்றுவதற்கு முன் கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பாருங்கள். வங்கிக் கணக்குப் பார்க்கிற உலாவி வேறு, நீட்சி ஏற்றுகிற உலாவி வேறு என்று பிரித்து வைப்பது என் பழக்கம்.

நீட்சி நாளைக்கே செத்தாலும் இறக்கிய கோப்புகள் அப்படியே கிடக்கும். பொக்கெட் மூடியபோது ஓடியதுபோல் ஓட வேண்டியதில்லை.

## ஒப்சிடியன் வெப் கிளிப்பர்

வேலை மேலே சொன்னதேதான், ஆனால் இன்னும் ஒழுங்காக. ஒப்சிடியன் என்பது உங்கள் கோப்புறையில் உள்ள மார்க்டவுன் கோப்புகளைத் திறந்து, தேடி, ஒன்றோடொன்று இணைக்கும் செயலி. இலவசம். அதன் கிளிப்பர் நீட்சி பக்கத்தின் தலைப்பு, முகவரி, எழுதியவர், திகதி எல்லாவற்றையும் கோப்பின் தலையில் வரிசையாக எழுதிவிடும். எதை எங்கே எழுதுவது என்று தளத்துக்கு ஒரு வார்ப்புருவும் வைக்கலாம். ஃபோனில் ஃபயர்பொக்ஸிலும் ஓடும். ஒப்சிடியனே வேண்டாம் என்றால் கோப்பாக மட்டும் இறக்கிக்கொள்ளவும் வழி உண்டு.

மறைந்த செலவு நேரம். வார்ப்புரு, குறிச்சொல், கோப்புறை ஒழுங்கு என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். சேமித்த கட்டுரை ஒன்றையும் வாசித்திருக்க மாட்டீர்கள். கணினிக்கும் ஃபோனுக்கும் இடையில் தானாக ஒத்திசைக்கும் அவர்களுடைய சேவை டொலர்க் கட்டணம். கூகிள் ட்ரைவின் இலவச 15 ஜிகாபைட்டில் மாதமொருமுறை கோப்புறையைப் போட்டு வைத்தால் நம் தேவைக்குக் காணும்.

## நீட்சியே இல்லாமல்

கொமினிகேஷன் கடைக் கணினியிலோ பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலோ நீட்சி ஏற்ற விடமாட்டார்கள். விண்டோஸில் ஃபயர்பொக்ஸ் இருந்தால் எஃப்9 விசையை அமத்துங்கள், வாசிப்புப் பார்வை வரும். முழுவதையும் தெரிவு செய்து, பிரதியெடுத்து, நோட்பாடில் ஒட்டுங்கள். மேலே முகவரியையும் திகதியையும் கையால் எழுதுங்கள். நீட்சி செய்வதில் பெரும்பங்கு இதிலேயே முடிந்துவிடுகிறது. வருடத்தில் இருபது முப்பது பக்கம்தான் சேமிப்பேன் என்பவர் இதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் பலர் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள். சுத்தமாகச் சேமித்தால் டேட்டா மிச்சம் என்று நினைக்கிறார்கள். முதல் தடவை பக்கம் முழுதாக இறங்கித்தான் ஆக வேண்டும். மிச்சப்படுவது இரண்டாவது தடவையிலிருந்து.

| வழி | இணையம் இல்லாமல் | தமிழில் தேடல் | ஃபோனில் | படமும் அட்டவணையும் | பைக்குள் வைக்கலாமா |
|---|---|---|---|---|---|
| வட்ஸ்அப் இணைப்பு | இல்லை | தலைப்பு மட்டும் | மிக இலகு | பக்கம் உயிரோடு இருந்தால் | இல்லை |
| பிறகு வாசிக்கும் சேவை | ஓரளவு | சேவையைப் பொறுத்தது | ஆம் | ஓரளவு | ஏற்றுமதி செய்து வைத்தால் |
| பி.டி.எஃப் | ஆம் | நம்ப முடியாது | ஆம் | ஆம் | ஆம் |
| சிங்கிள்ஃபைல் | ஆம் | திறந்த பக்கத்துக்குள் மட்டும் | ஃபயர்பொக்ஸில் | அப்படியே வரும் | ஆம் |
| மார்க்டவுன் நீட்சி | ஆம் | மிக நன்று | கணினிக்கே வசதி | படம் இணைப்பாக. சிக்கல் அட்டவணை உடையும் | ஆம் |
| ஒப்சிடியன் கிளிப்பர் | ஆம் | மிக நன்று | ஃபயர்பொக்ஸில் | மேலே உள்ளதுபோல் | ஆம் |
| வாசிப்புப் பார்வையும் ஒட்டுதலும் | ஆம் | நன்று | ஆம் | படம் வராது | ஆம் |

## மூன்று பேருக்கும் என்ன சொன்னேன்

ரீச்சருக்கு வாசிப்புப் பார்வைதான். வீட்டில் இருப்பது மகனின் பழைய கணினி. நீட்சி, செயலி என்று ஏற்றி அதைத் திணறடிக்க வேண்டாம். பாடத்துக்கு ஒரு கோப்புறை, கட்டுரைக்கு ஒரு கோப்பு. ஆன்சி விசயத்தை ஒரு துண்டில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டச் சொன்னேன். வட்ஸ்அப்பில் கிடக்கும் பழைய இணைப்புகளில் இன்னும் திறப்பவற்றை மட்டும், நாளுக்கு ஐந்தாக, இப்போதே எழுத்தாக்கிக்கொண்டால் நல்லது. மிச்சத்தை விட்டுவிடலாம். முகத்தைச் சுளித்தார், ஆனால் சரி என்றார்.

தங்கச்சிக்கு ஒப்சிடியன் கிளிப்பர், மற்ற மூன்றையும் தூக்கிவிட்டு. ஆய்வுக்கு மேற்கோள் எழுத வேண்டியவருக்கு முகவரியும் திகதியும் தானாக விழுவது ஒன்றே போதும். 2018இல் படைப்புழு சோளத்துக்குள் வந்ததிலிருந்து வந்த பக்கங்களைச் சேர்க்கிறார். பெயர்கள் ஆளுக்கொரு விதம் என்பதால் முதல் வரியில் எல்லாப் பெயரையும் எழுதும் வழக்கம் அவருக்கு நன்றாக உதவும். மேற்கோள் காட்டும் பக்கத்தை, பக்கங்களின் அன்றைய பிரதியை வைத்திருக்கும் இணைய ஆவணகத்தின் வேபக் மெஷினிலும் பதிந்து வைக்கச் சொன்னேன், ஆசிரியர் கேட்டால் காட்டலாம். சேமித்ததைத் தன் பெயரில் வேறெங்கும் போடக்கூடாது என்பதை அவருக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவரே எனக்குச் சொன்னார்.

முருங்கன் தம்பிக்குத்தான் என் வெறும் எழுத்து உதவவில்லை. பூச்சியைப் படம் பார்த்துத்தான் இனம் காண வேண்டும். பசளைக் கணக்கு அட்டவணையில் இருக்கிறது. எழுத்தாக்கினால் முதலாவது போய்விடும், இரண்டாவது பிழையாகிவிடும், மாமாவின் கதைதான். ஃபோனில் ஃபயர்பொக்ஸ், அதில் சிங்கிள்ஃபைல். சேமித்த கோப்பைத் தட்டினால் ஃபோனில் உள்ள ஏதாவது உலாவி திறக்கும், சிக்னல் வேண்டாம். இருபது முப்பது பக்கத்துக்கு மேல் அவருக்குத் தேவைப்படாது, இடம் போதும். கணக்கை எறிவதற்கு முன் விவசாயப் போதனாசிரியரிடம் ஒருமுறை காட்டிக்கொள்ளவும் சொன்னேன்.

சிங்கிள்ஃபைல் பல கோப்புகளுக்குள் தேடாது என்பதால் பெயர்தான் அவருக்குத் தேடல். தளம் வைத்த நீளத் தலைப்பை அழித்துவிட்டு, வீட்டில் என்ன சொல்வார்களோ அதையே கோப்புக்குப் பெயராக வைக்கச் சொன்னேன். அங்கேயே இருந்து நான்கைந்து கோப்புக்குப் பெயர் மாற்றினார். கடைசியாக ஒன்றில் நின்று யோசித்தார். "இதை அப்பா ஒரு பேர் சொல்லுவார், நான் ஒரு பேர் சொல்லுவன். எதைப் போடுறது அண்ணை?" இரண்டையும் போடச் சொன்னேன், 255 பைட்டுக்குள் அடங்கியது.